2500 கிலோ ஹேண்ட் பேலட் டிரக்: இழுக்குறவங்க பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ

ஹேண்ட் பேலட் டிரக்னு பில்லுல போட்டிருக்கும், நாங்க பேலட் டிராலின்னுதான் சொல்லுவோம். பேலட்னா சரக்க மேல அடுக்கி வைக்கிற பலகைத் தட்டு, அத தரைய விட்டு தூக்கி நகத்துற கை வண்டிதான் இது. லோடிங் அன்லோடிங் வேலைல இருக்கவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான்தான். இதப் பத்தி நெட்ல ரிவ்யூ நிறைய கிடக்கு, ஆனா படிச்சுப் பாத்தா எல்லாமே வாங்குனவங்க எழுதுனது. டெலிவரி சீக்கிரம் வந்துச்சு, பெயிண்ட் நல்லா இருக்கு, வெல்டிங் சுத்தமா இருக்குன்னு போட்டு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டு போயிடுறாங்க. ஷிஃப்ட் முழுக்க அத இழுக்குறவங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வரி கூட கிடையாது. நான் லோடிங் கேங்குல இருக்கேன், தோள்லயும் முதுகுலயும் சுமந்த காலத்துல இருந்து இந்த வேலை பாக்குறேன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். தூக்குற விஷயத்துல இது குறையே சொல்ல முடியாத சாமான். 50 கிலோ மூட்டை இருபது அடுக்குனா ஒரு டன், அத ஆள் வச்சு மாத்துனா இருபது தடவ குனிஞ்சு இருபது தடவ நிமிரணும், ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டு மேல அந்த முழு பாரமும் இறங்கும். டிராலியோட ஃபோர்க்க, அதாவது முன்னாடி நீட்டிட்டு இருக்க ரெண்டு இரும்புக் கரத்த, பேலட்டுக்கு அடில விட்டு கைப்பிடிய பத்து பன்னெண்டு தடவ ஆட்டுனா போதும், கீழ 85 மி.மீ உயரத்துல இருக்க ஃபோர்க் 200 மி.மீ வரைக்கும் ஏறி பேலட்ட தரைய விட்டு தூக்கிடும். உள்ள இருக்குறது ஒரு சின்ன ஹைட்ராலிக் பம்ப் அவ்வளவுதான், கரண்ட் வேணாம் பேட்டரி வேணாம். லீவருக்கு மூணு நிலை, ஒண்ணு ஏத்த, ஒண்ணு இறக்க, நடுவுல ஒண்ணு நகத்த. புதுசா வேலைக்கு வந்த பையன் கூட அரை மணி நேரத்துல பழகிடுவான். தொழிலாளர் கையால சுமக்குற எடை பத்தி சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 1967-ல போட்ட 127-வது உடன்படிக்கையே, உடம்புக்கு ஆபத்து வர்ற எடைய யாரையும் சுமக்க விடக்கூடாது, முடிஞ்ச வரைக்கும் இந்த மாதிரி சாதனங்கள பயன்படுத்தணும்னுதான் சொல்லுது. கூடவே வந்த பரிந்துரைல ஆம்பளைக்கு அதிகபட்சம் 55 கிலோன்னு ஒரு கணக்கு இருக்கு. அப்போ 55, இப்போ நிறைய எடத்துல 25 கிலோவ தாண்டுனாலே யோசிக்க சொல்றாங்க. அந்த அளவுக்கு இந்த டிராலி ஒரு நல்ல வரவுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பிரச்சினை ஸ்டிக்கர்ல இருந்து ஆரம்பிக்குது. கைப்பிடிக்கு கீழ பெருசா 2500 கிலோன்னு போட்டிருப்பாங்க. சூப்பர்வைசர் அதப் பாத்துட்டு "ரெண்டரை டன் தாங்கும்ல, இன்னும் ரெண்டு வரிசை ஏத்து"ன்னு சொல்லுவாரு. அந்த 2500, பம்ப்பும் ஃபோர்க்கும் தூக்கி நிக்கிற எடை, ஒரு ஆள் இழுக்குற எடை இல்ல. இது ரெண்டும் வேற வேற, இந்த வித்தியாசம் புரியாமத்தான் பாதி பேருக்கு தோள்பட்டை போகுது. சாதாரணமா ஒரு கணக்கு சொல்றேன், நல்ல வழவழப்பான சமதளம், சக்கரம் பேரிங் எல்லாம் நல்லா இருந்தாலே லோடோட எடைல குறைஞ்சது 2 சதவீதம் பலம் குடுத்தாத்தான் நகரும். 400 கிலோவுக்கு 8 கிலோ, ஒரு டன்னுக்கு 20 கிலோ, ஸ்டிக்கர்ல இருக்க 2500-க்கு 50 கிலோ. பிரிட்டன்ல தொழிலிட பாதுகாப்பு பாக்குற ஹெச்எஸ்இ, தள்ளி ஆரம்பிக்க ஆம்பளைக்கு 20 கிலோ, பொம்பளைக்கு 15 கிலோ, ஓடிட்டு இருக்கும்போது 10 கிலோ, 7 கிலோன்னு ஒரு வழிகாட்டி அளவு சொல்லிருக்கு. அதுக்கு மேல போனா நின்னு யோசிக்கணும்னு அர்த்தம். அப்போ நல்ல தரைலயே ஒரு டன்னுக்கு மேல ஒத்த ஆள் இழுக்கக் கூடாதுன்னு ஆகுது, ஸ்டிக்கர்ல இருக்குற எடைல பாதி கூட இல்ல. ஓடும்போது உள்ள அளவ வச்சுப் பாத்தா இன்னும் கம்மி. வாங்குற எடத்துல இத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

இதுவும் சமதளத்துக்குத்தான். சாய்வுன்னு வந்துட்டா கணக்கே மாறிடும். 12 அடிக்கு 1 அடி ஏறுற சாய்வுல வெறும் 400 கிலோவுக்கே முப்பது கிலோவுக்கு மேல பலம் வேணும், ஒரு டன்னா இருந்தா ஒரு ஆளால நினைச்சுக்கூட பாக்க முடியாது. இறங்கும்போது அதவிட மோசம், ஏன்னா சாதாரண கை டிராலில பிரேக்கே கிடையாது, நிறுத்தணும்னா லீவர அழுத்தி லோட தரைல இறக்குறதுதான் ஒரே வழி. சாய்வுல உபயோகிக்கக் கூடாதுன்னு அதோட கையேட்டுலயே எழுதிருப்பாங்க, ஆனா கையேடு ஆபீஸ் டிராயர்ல இருக்கும், டிராலி ராம்ப்ல இருக்கும். நான் வேலை பாத்த ஒரு குடோன்ல லாரி வந்து நிக்கிற டாக்குக்கு போற வழியே சாய்வுதான், முன்னாடி ஒருத்தர் இழுக்க பின்னாடி ரெண்டு பேர் பேலட்ட கட்டிப் புடிச்சுட்டே இறங்குவாங்க, மழை நாள்ல அந்த எடத்த தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டாங்க. இத பல தடவ சொல்லியாச்சு, தரைய சரி பண்ண காசு இல்லன்னாங்க, அடுத்த மாசமே புது டிராலி ரெண்டு வந்துச்சு. டிராலி எவ்வளவு நல்லதா இருந்தாலும் தரை சரியில்லன்னா அது ஆள அடிக்கிற சாமானா மாறிடும்.

சக்கரத்துக்கு வருவோம், இதுதான் வாங்கும்போது யாரும் கவனிக்காத எடம், எங்களுக்கு இதுதான் எல்லாமே. நைலான்னு ஒண்ணு, பாலியூரித்தேன்னு ஒண்ணு, கடைல பியூ வீல்னு சொல்லுவாங்க. நைலான் கெட்டியா இருக்கும், வழவழப்பான தரைல லேசா ஓடும், இழுக்க பலம் கம்மியாத்தான் வேணும், ஆனா சத்தம் மண்டைய பிளக்கும், சின்ன கல்லு, ஆணி, தரை இணைப்பு எது மேல ஏறுனாலும் அந்த அதிர்ச்சி நேரா மணிக்கட்டுக்கு வரும், ஈரத்துல வழுக்கும். பியூ வீல் மெத்துன்னு போகும், பிடிப்பு இருக்கும், சத்தம் கம்மி, ஆனா நகத்த ஆரம்பிக்கும்போது கூடுதலா பலம் கேக்கும், லோடோட ராத்திரி பூரா நிறுத்தி வச்சா அடில தட்டையாகி காலைல டக்கு டக்குன்னு ஓடும். என்ன கேட்டா தரை கரடுமுரடா இருக்க எடத்துக்கு பியூதான், அதுவும் ஃபோர்க் நுனிக்கு அடில இருக்க சின்ன சக்கரம், அதாவது ரோலர், ஒத்தையா இல்லாம ஜோடியா இருக்கணும். ஒத்த ரோலர் சின்ன பள்ளத்துல பொசுக்குன்னு இறங்கி அங்கயே நின்னுடும், ஜோடியா இருந்தா ஒண்ணு இறங்கும்போது இன்னொண்ணு தாங்கும். விலைல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஆர்டர் போடுறவர் இழுக்குறதில்லயே.

சரி, சக்கரத்துல நூல் சுத்துறத பத்தியும் சொல்லணும். பேலட்ட சுத்தி இருக்க ஸ்ட்ரெச் ஃபிலிம், ஸ்ட்ராப் துண்டு, சாக்கு நூல் இதெல்லாம் தரைல கிடக்கும், அது மேல ஓடி ஓடி ரோலருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல இருக்க அச்சுல சுத்திக்கும். முதல்ல தெரியாது, டிராலி கொஞ்சம் கனமா இருக்க மாதிரி தோணும், உடம்புக்குத்தான் முடியலையோன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் பலமா இழுப்போம். ஒரு நாள் டிராலிய கவுத்து போட்டு பாத்தா உள்ள கருப்பா கிரீஸும் பிளாஸ்டிக்கும் சேந்து கயிறு மாதிரி இறுகிப் போய், ரோலர் சுத்தாம தரைல தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு, ஒரு பக்கம் சப்பையா ஆயிடுச்சு. கத்தியால அறுத்து அறுத்து எடுத்தோம், கை நிறைய வந்துச்சு. அதுக்கப்புறம் அதே லோடு அதே தரை, ஒத்தக் கையால நகருது. இத வாரம் ஒரு தடவ பாத்தா பத்து நிமிஷ வேலை. ஆனா அந்த பத்து நிமிஷம் யாரோட நேரம்னு கேட்டா எங்களுக்கு டன் கணக்குல கூலி, டிராலிய கவுத்து வச்ச நேரத்துக்கு கூலி கிடையாது. அப்புறம் யாரு பண்ணுவா சொல்லுங்க.

பம்ப் ரிப்பேர் பத்தி சுருக்கமா. கைப்பிடிய எவ்வளவு ஆட்டுனாலும் ஏறலன்னா உடனே பம்ப் போச்சுன்னு ஒதுக்கி வச்சுடாதீங்க, பெரும்பாலும் உள்ள காத்து புகுந்திருக்கும். லீவர இறக்குற நிலைல புடிச்சுக்கிட்டு லோடு இல்லாம பத்து பதினஞ்சு தடவ ஆட்டுனா காத்து வெளிய வந்துடும். அப்பவும் ஏறலன்னா எண்ணெய் அளவு பாக்கணும், சீல் கசியுதான்னு பாக்கணும். தூக்கி வச்ச லோடு தானா மெதுவா இறங்குதுன்னா அத அன்னைக்கே ஓரங்கட்டிடணும், அது கீழ யாரோட கால் இருக்கும்னு சொல்ல முடியாது.

அடுத்தது நீளம். ஃபோர்க் 1150 மி.மீ, 1200 மி.மீ பேலட்டுக்கு நீளவாக்குல சரியா இருக்கும். அதே பேலட்ட 1000 மி.மீ இருக்க பக்கமா நுழைச்சா நுனி 150 மி.மீ வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், பின்னாடி இருக்க பேலட்டையும் சேத்து தூக்கிடும், இல்லன்னா அதுல இருக்க பெட்டிய குத்தும். பேலட்டோட அடிப்பலகைக்கு நேரா ரோலர் நிக்கும்போது பம்ப் அடிச்சா பலகை பிளந்துடும், அந்த சத்தம் கேட்டாலே எங்களுக்கு தெரியும், அடுத்து லோடு சரியப்போகுதுன்னு. அதனால எந்த பேலட் அதிகம் வருதுன்னு பாத்துட்டு ஃபோர்க் நீளத்த முடிவு பண்ணணும். குடோன்ல வேலை பாக்குற யாரையாவது ஒருத்தர கேட்டாலே சொல்லிடுவாங்க. எங்கள யாரும் கேட்டதில்ல.

இப்போ இந்த டிராலியால முடியாத விஷயம், என் மனசுல ரொம்ப நாளா இருக்குறது இதுதான். பேலட்ல வர்ற சரக்குக்கு மட்டும்தான் இது. 40 அடி கன்டெய்னர்ல தரைல இருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிய பேலட் இல்லாம அடுக்கி அனுப்புவாங்க, எடம் மிச்சமாகுதுன்னு. உள்ள பன்னெண்டு மீட்டர் நீளம், ரெண்டேகால் மீட்டர் சொச்சம் அகலம், ஒரு பக்கம் மட்டும் கதவு, காத்து வராது, வெயில்ல நிக்கிற இரும்புப் பெட்டி, வெளிச்சம்னு ஒண்ணு கைல புடிச்சுக்கிட்டு போற டார்ச்தான். அங்க மேல் வரிசைய எட்டி எடுக்கணும், கீழ் வரிசைய குனிஞ்சு எடுக்கணும். அமெரிக்கால நியாஷ்னு தொழிலாளர் உடல்நலம் பத்தி ஆராய்ச்சி பண்ற அரசு நிறுவனம் 1991-ல திருத்தி போட்ட ஒரு தூக்கும் கணக்கு இருக்கு. எல்லாமே சாதகமா இருந்தா 23 கிலோ. பெட்டி உடம்ப விட்டு 50 செ.மீ தள்ளி இருந்தா அது பாதியாகி 11.5 கிலோ. அதையே தரைல இருந்து எடுக்கணும்னா இன்னும் குறைஞ்சு 9 கிலோ கிட்ட வந்துடும். முதுக திருப்பி எடுத்தா, நிமிஷத்துக்கு பல தடவ எடுத்தா, அதுக்கும் கீழ போகும். கன்டெய்னர் உள்ள நாங்க எடுக்குற எந்தப் பெட்டி அந்த கணக்குக்குள்ள வருது? டிராலி வாங்கியாச்சு இனிமே கஷ்டம் இல்லன்னு சொல்றவங்க ஒரு தடவ அந்தக் கதவு தாண்டி உள்ள வந்து பாக்கணும். அங்க வேண்டியது பெட்டி அது மேலயே ஓடி வெளிய வர்ற மாதிரி நீட்டி மடக்குற கன்வேயர், இல்லன்னா அனுப்புற எடத்துலயே பேலட்ல போட்டு அனுப்பச் சொல்றது. ரெண்டாவது ஒரு போன் கால்ல முடியுற விஷயம்.

உயரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ஹை லிஃப்ட் டிராலி. கத்திரி மாதிரி விரிஞ்சு 800 மி.மீ வரைக்கும் ஏறும், ஒரு டன் தாங்கும். பேலட்ல இருந்து பெட்டி எடுத்து அடுக்குற வேலைக்கு இது அருமை, பெட்டி காலியாக ஆக ஏத்திக்கிட்டே போனா குனியவே வேணாம், எப்பவும் இடுப்பு உயரத்துலயே கிடைக்கும். ஒரு குறை, அடிப்பலகை குறுக்க ஓடுற பேலட்டுக்கு இது ஆகாது, ஏன்னா ஃபோர்க் மேல போகும்போது ரோலர் கீழயே நிக்கும், பலகை நடுவுல மாட்டிக்கும். அடி திறந்த பேலட் வேணும். எங்க கேங்ல இருக்க வயசான அண்ணன் ஒருத்தர் இத முதல் நாள் உபயோகிச்சுட்டு "தம்பி, இன்னைக்கு வீட்டுக்கு போயி சட்டைய நானே கழட்டிடுவேன்டா"ன்னு சொன்னாரு. அதுவரைக்கும் அவரு கை தோளுக்கு மேல போகாம வீட்ல பிள்ளைங்கதான் கழட்டி விட்டுட்டு இருந்திருக்காங்கன்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

காயம்னு பாத்தா குதிகால்தான் முதல்ல. முன்னாடி நடந்து பின்னாடி இழுத்துட்டு வரும்போது நாம நின்னாலும் டிராலி நிக்காது, நேரா குதிகால்ல வந்து இடிக்கும். சேஃப்டி ஷூ முன்பக்க இரும்பு 200 ஜூல் அடி தாங்கும், அதாவது 20 கிலோ சாமான் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா விரல் தப்பிக்கும். ஆனா அது விரலுக்கு மட்டும், குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் ஒண்ணும் கிடையாது. அதனால முடிஞ்ச எடத்துல எல்லாம் தள்ளுங்க, இழுக்காதீங்க. தள்ளும்போது ரெண்டு கையும் சமமா இருக்கும், உடம்போட எடையும் சேந்து வேலை செய்யும். இழுக்கும்போது ஒரு தோள் திருகிக்கிட்டே போகும். பேலட் தலைக்கு மேல உயரமா அடுக்கிருந்தா தள்ளும்போது முன்னாடி தெரியாது, அதுக்கு உயரத்த குறைக்கணுமே தவிர இழுக்க சொல்லக் கூடாது.

டிராலியோட சேத்து இடுப்பு பெல்ட்டும் குடுப்பாங்க பல எடத்துல, அகலமா கருப்பா எலாஸ்டிக்கோட. போட்டா நிமிந்து நிக்கிற மாதிரி இருக்கும், அது உண்மைதான். ஆனா 2000-ல நியாஷ் ஆளுங்க அமெரிக்கால 160 கடைகள்ல சரக்கு தூக்குறவங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, பெல்ட் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் முதுகு வலிலயோ காயத்துலயோ வித்தியாசம் வரல. பெல்ட் குடுத்துட்டோம்னு சொல்லி லோட கூட்டுறவங்க இருக்காங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லியாகணும். டிராலி வர்றதுக்கு முன்னாடி ஒரு வண்டிக்கு ஆறு பேர் இருந்தோம், வந்த பிறகு மூணு பேர். மெஷின் வந்துடுச்சுல்லன்னாங்க. ஆனா நாளைக்கு இறக்குற வண்டி கூடிடுச்சு, அதனால ஒருத்தர் நகத்துற எடை முன்னாடிய விட அதிகம். முன்னாடி முதுகுல வலி, இப்போ தோள்லயும் மணிக்கட்டுலயும் வலி. மூட்டை தூக்குனப்போ ஒரு நடை போயிட்டு வெறுங்கையா திரும்பி வருவோம், அந்த நடைதான் ஓய்வு. இப்போ போகும்போதும் லோடு, வரும்போது காலி பேலட் லோடு. டன் கணக்கு கூலில ஓய்வு எடுத்தா வருமானம் போகும், எடுக்கலன்னா உடம்பு போகும். மணிக்கு ஒரு தடவ பத்து நிமிஷம், கூலி பிடிக்காம, குடிக்க தண்ணியோட நிழல்ல உக்கார விட்டாத்தான் இந்த டிராலி வாங்குனதுக்கு அர்த்தம் இருக்கு. இது டிராலி கம்பெனியோட தப்பு இல்ல, ஆனா டிராலிய பத்தி எழுதும்போது இத விட்டுட்டு எழுதுனா அது பாதி ரிவ்யூதான்.

பேட்டரி டிராலி பத்தி கேக்குறவங்களுக்கு, தூரம் அதிகமா இருந்தா, ஒரு டன்னுக்கு மேல அடிக்கடி வந்தா, யோசிக்காம அதுதான் வாங்கணும். இழுக்குற பலத்த மோட்டர் பாத்துக்கும், பிரேக் இருக்கும், கைப்பிடி நுனில ஒரு பெரிய பட்டன் இருக்கும், சுவத்துக்கும் டிராலிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா அது வயித்துல பட்டதும் வண்டி தானா எதிர்பக்கம் ஓடிடும். அந்த பட்டன் வேலை செய்யுதான்னு ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே அழுத்திப் பாருங்க. வேலை செய்யலன்னா அந்த வண்டிய எடுக்காதீங்க, யாரு சொன்னாலும்.

ரேட்டிங் கேட்டா, நல்ல சமதளம், ஒரு டன்னுக்கு கீழ, குறைஞ்ச தூரம், இதுக்கு 5-க்கு 4.5 குடுப்பேன். கரடுமுரடான தரை, லாரிக்கும் டாக்குக்கும் நடுவுல போடுற டாக் பிளேட்ல இடைவெளி, ராம்ப் இருக்க எடத்துக்கு 2 கூட அதிகம், அங்க முதல்ல தரைக்கு காசு செலவு பண்ணுங்க. வாங்கப் போற முதலாளி யாராவது இத படிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டெமோ வண்டி ஒண்ணு வர சொல்லுங்க, உங்க எடத்துல வர்ற வழக்கமான லோட ஏத்தி, உங்க குடோன்லயே மோசமான தரை எதுவோ அது மேல, தினமும் இழுக்கப் போற ஆளுங்ககிட்ட குடுத்து இழுக்க சொல்லுங்க. எந்த சக்கரம் எந்த நீளம்னு அவங்க சொல்லுவாங்க, அத அப்படியே ஆர்டர்ல எழுதுங்க.